துண்டு அண்ணாச்சியின் முன்வரிசை

விருதுநகர் மாவட்டத்தில் ஓடுகிற பேருந்துகளில் துண்டு அண்ணாச்சியின் துண்டு விழாத இருக்கை ஒன்றுகூடக் கிடையாது. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்ல நான் தயார். பஸ் நிலையத்துக்குள் பஸ் திரும்பும்போதே, உள்ளே இருப்பவர் மூக்கில் படாமல், ஜன்னலோர இருக்கையில் மடிப்புக் கலையாமல் துண்டை உட்கார வைப்பார். துண்டு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அவர் அவசரமே படமாட்டார். ஒரு டீ குடித்து, கண்டக்டரிடம் மழை உண்டா என்று விசாரித்து, கடைசி ஆளாக ஏறுவார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். சிவகாசியில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். மதினியிடம் கேட்டால், "அவுக பேரை நான் சொன்னா அவுகளே திரும்பிப் பாக்க மாட்டாக" என்பார்.

செய்கிற தொழிலும் பொருத்தமாகத்தான் அமைந்தது. அண்ணாச்சிக்கு லாரிக்குச் சரக்கு புக் செய்கிற லாரி செட்டில் வேலை. தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் வடக்கே லோடு அனுப்ப லாரிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் விஸ்வநத்தத்துப் பெட்டிக்கு எந்த மூலை, சாத்தூர்ப் பெட்டிக்கு எந்த மூலை என்று முடிவு செய்வது இவர்தான். காலி லாரியின் தரையில் துண்டை விரித்துவிட்டுப் போனார் என்றால் அந்த இடத்தில் வேறொருத்தர் பெட்டி ஏறாது. முதலாளிமார்கள் போனில் கெஞ்சுவார்கள். துண்டு பேசாமல் கிடக்கும்.

ஒரு தடவை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சாத்தூர் போக நின்றிருக்கிறார். வழக்கம்போல வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது காரியாபட்டி பஸ் என்று தெரிந்தது. நாமாக இருந்தால் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். அண்ணாச்சி காரியாபட்டிக்கு டிக்கெட் எடுத்தார். அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இடம் போட்டுட்டு உக்காராமப் போனா, நின்னுக்கிட்டு வாறவுக மனசு என்ன பாடுபடும் தம்பி" என்றார். அவர் நியாயம் அப்படி. போட்ட துண்டுக்கு ஆள் உட்கார்ந்தே தீர வேண்டும்.

இந்த நியாயத்தோடு அவர் எங்கள் சபைக் கோயிலுக்குள் வந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. காலண்டர் அச்சகத்தில் டிசைன் போடுகிறவன். ஊருக்கெல்லாம் தேதி அச்சடிக்கிற எனக்கு நேரம் மட்டும் பிடிபடவே இல்லை. ஆராதனைக்குப் பாதியில் வந்து கடைசிக் கதவோரம் நிற்பது என் வழக்கம். அங்கே நின்று பார்த்ததால்தான் இதில் பெரும்பகுதி எனக்குத் தெரியும்.

எங்கள் கோயிலில் பிரசங்க பீடத்துக்கு நேர் எதிரே, வலது பக்கம், முன்வரிசையில் சில பெஞ்சுகள் வாலிபர் சங்கத்துக்கு என்று இருந்தன. ஒரு காலத்தில் அங்கே இடம் கிடைக்காது. பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சிலர் சென்னை, சிலர் கோயம்புத்தூர், சிலர் பெங்களூரு. ஊரிலேயே இருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது போர்வைக்குள் கழிக்கும் நாளாகிவிட்டது. ஒரு பையனை மறித்துக் கேட்டேன். வீட்டிலேயே போனில் பிரசங்கம் கேட்பதாகச் சொன்னான். அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்பானாம். மனந்திரும்புவதில்கூட நேரத்தை மிச்சம் பிடிக்கிற பிள்ளைகள்.

கழன்றவர்களில் அண்ணாச்சியின் மகன் டேனியும் ஒருவன். பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு கிறிஸ்துமசுக்கு வந்தவன் சாப்பாட்டு நேரத்தில், "அப்பா, எனக்கு இதெல்லாம் நம்ப முடியுதான்னே தெரியல. நம்பாம வந்து உக்காந்து பாடுறது ஒரு மாதிரியா இருக்கு. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். மதினிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. அண்ணாச்சி, "சாப்பிடுலே, கறி ஆறுது" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. வாதம் இல்லை, கண்ணீர் இல்லை, உபதேசம் இல்லை.

அடுத்த ஞாயிறு கோயில் திறந்தவுடன் போய் முன்பெஞ்சின் ஓரத்தில் ஒரு நீலக்கரைத் துண்டை விரித்துவிட்டார்.

முதல் வாரம் அந்த ஒரு துண்டுதான். தன் பிள்ளைக்கு மட்டும் இடம் போட்டால் நன்றாக இருக்காது என்று அடுத்த வாரம் அடுத்த வீட்டுப் பையனுக்கும் போட்டார். பிறகு மொத்த வாலிபர் சங்கத்துக்கும் போட்டார். பெண்கள் பக்கம் மதினியின் பொறுப்பு. அங்கே பழைய துப்பட்டாக்கள். சனிக்கிழமை அவர்கள் வீட்டு மாடியைப் பார்த்தால் ஒரு சலவைக்கடைக்கு உண்டான கொடி கட்டியிருக்கும்.

இப்படியாக எங்கள் சபையில் துண்டுகள் முன்னால் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டன, மனிதர்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் விவரம் தெரியாமல் முன்பெஞ்சை நெருங்கியது. அண்ணாச்சி பணிவாகக் கை காட்டி, "இங்கன ஆள் வருதுங்க" என்றார். ஆராதனை முடியும்வரை அந்தக் குடும்பம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. போகும்போது அந்த வீட்டுப் பெரியவர், "வர வேண்டியவங்களுக்கு வழியில எதுவும் ஆயிருச்சோ?" என்று உண்மையான கவலையோடு என்னிடம் கேட்டார். 

பேராயர் வந்த ஞாயிறு கதை இன்னும் மோசம். கூட வந்தவர்கள் உட்கார முன்பெஞ்சு வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் ஓடி வந்தார். அச்சு மை ஏஜென்சி நடத்துகிறவர், எப்போதும் படபடப்பு. அண்ணாச்சி துண்டில் கை வைக்க விடவில்லை. "பேராயர் அய்யாவுக்குப் போற இடமெல்லாம் நாற்காலி போட்டு வச்சிருப்பாக. இந்தப் பயலுகளுக்கு வேற எங்கன இருக்கு?" என்றார். பேராயர் காதிலேயே அது விழுந்துவிட்டது. நல்ல மனுஷர், சிரித்துவிட்டு, கூட வந்தவர்களைப் பாடகர் குழுவோடு உட்காரச் சொன்னார். அவர்களில் ஒருவருக்கு உச்சஸ்தாயி வேறு வந்ததால் அன்றைக்குப் பாட்டு பிரமாதம்.

அண்ணாச்சியிடம் வேதத்திலிருந்து பேசி ஜெயிக்கலாம் என்று பாஸ்டர் ஒருமுறை முயன்றார். துண்டு விரிப்பதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்டார். அண்ணாச்சி ஆச்சரியப்பட்டுப் போனார். "என்னய்யா இப்படிக் கேக்கீக. ஆண்டவர் எதுக்கு நமக்கு முன்னால பரலோகத்துக்குப் போயிருக்காரு? இடம் போடத்தான? பஸ் ஸ்டாண்டுல நான் பண்ணுறதத்தான அவரும் பண்ணுறாரு" என்றார். பாஸ்டர் மூன்று வருடம் இறையியல் படித்தவர். அன்றைக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

வினை வேறு ரூபத்தில் வந்தது. இளைஞர்களை இழுக்க வேண்டுமென்றால் கோயில் நவீனமாக வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. டிரம் செட், பெரிய ஸ்பீக்கர், சுவரில் பாட்டு வரி ஓடும் திரை. எல்லாம் சரி, இவற்றை வைக்க இடம் வேண்டுமே. செயலாளர் டேப் வைத்து அளந்து பார்த்ததில், சரியாகப் பொருந்துகிற ஒரே இடம் வலது பக்க முன்வரிசைதான். சும்மா கிடக்கிற பெஞ்சுகள்தானே, எடுத்துப் பின் ஹாலில் போட்டுவிடலாம் என்றார்.

அண்ணாச்சி கமிட்டியில் இல்லை. ஆனாலும் வந்து நின்றார். டிரம்ஸ் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அவருக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான். "பயலுகளைக் கூப்பிடுறதுக்காகப் பயலுக இடத்தை எடுக்கீகளே. வந்தா எங்கன உக்காருவான், டிரம்சு மேலயா?"

செயலாளர் வருத்தத்தோடுதான் பதில் சொன்னார். "அண்ணாச்சி, வந்தா நான் எடுப்பேனா? அசனத்து அன்னைக்கு வரைக்கும் பாப்போம். அன்னைக்கு அந்த பெஞ்சு நிறைஞ்சிருச்சுன்னா டிரம்சை என் தலையில வச்சுக்கிடுதேன்."

அசனம் என்றால் எங்கள் சபையின் வருடாந்திர அன்பின் விருந்து. தீபாவளி சீசன் முடிந்து, ஊர் கொஞ்சம் மூச்சுவிடுகிற நேரத்தில் வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே எல்லாருக்கும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். ஆக, அண்ணாச்சியின் பெஞ்சுக்குக் கெடு வைத்தாகிவிட்டது. அந்த பெஞ்சு போனால் டேனிக்கு அந்தக் கோயிலில் இடமே இல்லாமல் போய்விடும் என்று அவர் நினைத்தார். லாரியில் இடம் போனால் அடுத்த லாரி வரும். இது அப்படி இல்லை என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அதன்பிறகுதான் அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் இறங்கினார். ஞாயிறுதோறும் துண்டு விரித்த பெஞ்சை ஒரு போட்டோ எடுப்பார். கீழே "இடம் போட்டாச்சு" என்று இரண்டே சொல். வசனம் கிடையாது, ரோஜாப்பூ கிடையாது, ஏன் வரவில்லை என்ற கேள்வியும் கிடையாது. அதை ஊரில் இருக்கிற, இல்லாத எல்லா வாலிபருக்கும் அனுப்புவார். டேனிக்கும் அனுப்புவார்.

பயல்கள் அதை வைத்து விளையாடாமல் இருப்பார்களா? அண்ணாச்சி துண்டு வீசுவது போல் ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். சினிமாவுக்குப் போவதா, "இடம் போட்டாச்சு" ஸ்டிக்கர். ஹோட்டலா, அதே ஸ்டிக்கர். என் அச்சகத்தில் பிரிண்டிங் மெஷின் ஓட்டுகிற பையன்கூட மத்தியானத் தூக்கத்துக்கு மூலை பிடித்துவிட்டு எனக்கு அதை அனுப்பினான். அண்ணாச்சிக்கே ஒருவன் ஆடுகிற பூனைப் படத்தை அனுப்பினான். அவர் நெடுநேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, ஆவிக்குரிய சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் தம்பி" என்று பதில் போட்டார்.

ஆனால் பெரிய சமாச்சாரம் நீல டிக். செய்தியைப் படித்துவிட்டால் இரண்டு டிக்கும் நீலமாகும் அல்லவா. அது வருவதாக ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று அண்ணாச்சி தானாகவே முடிவு செய்துவிட்டார். டேனி பதில் எழுதியதே இல்லை. நீலம் மட்டும் விழும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் பாஸ்டரும் செயலாளரும் நிற்கும்போது, போனைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கதவுக்கே வந்து காட்டினார். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தீகளா, நீலமாயிருச்சு. பய வாரான்."

நான் பாஸ்டரைப் பார்த்தேன், பாஸ்டர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் கூரையைப் பார்த்தார்.  யாரும் திருத்தாததன் விளைவு என்னவென்றால், அண்ணாச்சி நேராக அசனச் சமையல்காரரிடம் போய் நீல டிக்குகளைக் காட்டி, அரிசியையும் கறியையும் கூட்டச் சொல்லிவிட்டார். போனில் நீலத்தைப் பார்த்து ஆடு வாங்கிய சபை உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அசன ஞாயிறு வந்தது. நான் வழக்கம்போல் பிந்தி வந்து கதவோரம் நின்றேன். முன்பெஞ்சில் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. முதல் பாட்டு முடிந்தது, வேதபாடம் முடிந்தது, ஒருத்தரும் இல்லை. வெளியிலிருந்து குழம்பு வாசனை மட்டும் வந்தது. செயலாளர் டேப்பைச் சட்டைப் பையில் வைத்திருந்ததை நானே பார்த்தேன். அண்ணாச்சி பெஞ்சின் பின்னால் இருந்த தூணோரம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பாஸ்டர் பிரசங்கத்தில் இரண்டாம் தலைப்புக்கு வந்தபோது வெளியே பைக்குகள் வந்து நிற்கிற சத்தம். ஒன்று, இரண்டு இல்லை, ஒரு கூட்டம். உள்ளே வந்தார்கள் பாருங்கள், அத்தனை பேர் தோளிலும் ஒரு துண்டு. ஜீன்ஸ், டி-ஷர்ட், மேலே துண்டு. பெண்பிள்ளைகளும் விடவில்லை. வேடிக்கைக்காக ஏற்பாடு செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். அண்ணாச்சியோடு ஒரு செல்பி, அப்புறம் கறிச்சோறு, அவ்வளவுதான் அவர்கள் திட்டம். போய்த் தங்களுக்காகப் பெஞ்சில் கிடந்த துண்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். பாஸ்டருக்கு இரண்டாம் தலைப்பு மறந்துவிட்டது. முதல் தலைப்பையே இன்னொரு தடவை பிரசங்கித்தார்.

இடம் போதவில்லை. சிநேகிதர்களையும் கூட்டி வந்திருந்தார்கள். கடைசியில் நீலக்கரைத் துண்டு கிடந்த ஓரம் மட்டும்தான் காலி. பேப்பர் கடை பாய் வீட்டுப் பையன் ஒருவன் கூச்சத்தோடு அதன் பக்கத்தில் நின்றான்.

"நான் சும்மா இவங்ககூட வந்தேன் அண்ணாச்சி. இங்க ஆள் வருதா?"

எங்கள் சபையே அண்ணாச்சியைப் பார்த்தது. அந்தத் துண்டு யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அவர் எழுந்து வந்தார். துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். "வந்தவுகளுக்குத்தான் இடம். உக்காருங்க தம்பி" என்றார். பிறகு கடைசிக் கதவுக்கு, என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கண்ணும் அந்த லட்சணத்தில் இருந்திருக்கும்.

இதற்கு அப்புறம் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதுகில் பை, கலைந்த தலை, பெங்களூரு பஸ்ஸில் தூங்கிய முகம். டேனி வந்து வாசலில் நிற்கிறான்.

அண்ணாச்சி திகைத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் இடம் போட்ட மனுஷனுக்கு, வேண்டிய ஆள் வந்த நேரத்தில் இடம் இல்லை. "ஏலே, இம்புட்டு நாளும் வச்சிருந்தேம்லே. இப்பத்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார். 

"பரவாயில்லப்பா, நிக்கிறேன்" என்றான் டேனி. கொஞ்சம் தயங்கிவிட்டு, "நம்பிக்கை வந்து வரலப்பா. சும்மாதான் வந்தேன். வாரா வாரம் போட்டோ வந்துக்கிட்டே இருந்துச்சு" என்றான்.

"சும்மா வாறவனுக்குத்தாம்லே துண்டு போடுறது. நம்புறவன் நின்னுக்கிட்டே பாடிருவான்."

சொல்லிவிட்டு நீலக்கரைத் துண்டை வாசற்படியில் விரித்தார். இரண்டு பேரும் அதில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடிய நேரத்தில் அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்து, வெற்றிகரமாக ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"நான்தான் சொன்னேம்லா தம்பி. நீலமாச்சுன்னா வாரான்னுதான் அர்த்தம்."

அன்றிலிருந்து எங்கள் சபையில் நீல டிக்குக்கு வேறு அர்த்தம் சொல்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. கூட்டி வைத்த கறி பந்தியில் தீர்ந்தது, சமையல்காரர் ரசத்தோடு சாப்பிட்டார். பெஞ்சு அங்கேயே இருக்கிறது. டிரம் செட்டைக் கமிட்டி அறையில் வைத்திருக்கிறார்கள், கமிட்டி வராந்தாவில் கூடுகிறது.

அடுத்த ஞாயிறே எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. பேப்பர் கடைப் பையன் மட்டும் வழியில் என்னைப் பார்த்து, அசனம் திரும்ப எப்போது என்று விசாரித்தான். அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவே இல்லை. சனிக்கிழமை துவைத்தார், ஞாயிற்றுக்கிழமை விரித்தார், போட்டோ அனுப்பினார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய துணிப்பை, மறு கையில் போன். டேனி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பெங்களூருவில் ஏதோ ஒரு மாடி ஹால். சிநேகிதர்கள் கொஞ்சம் பேர் ஞாயிறுதோறும் கூடுவார்களாம், பாதிப் பாட்டு கன்னடத்திலாம், இவன் எப்போதாவது போய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வருவானாம். போட்டோவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றின் மேல் ஒரு துண்டு. கீழே, "இடம் போட்டாச்சுப்பா."

"பாத்துட்டேன் தம்பி. அங்கன அவனுக்கு நீலமாயிருக்கும். இனிப் பெங்களூரு போகாம இருக்க முடியுமா?" என்றார். காரியாபட்டிக்கு டிக்கெட் எடுத்த அதே முகம். துணிப்பையை என் மேஜை மேல் வைத்தார். "இந்த ஒரு வாரம் நீங்க கொஞ்சம் வெள்ளன வந்து போட்டுருங்க. நீங்க பிந்தி வாறவுகதான், தெரியும். ஆனா மத்தவுககிட்ட குடுத்தா மடிப்பு சரியா வராது."

அந்த ஞாயிறு, நான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கோயில் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். கதவு திறக்க வந்த கோயில்குட்டியார் என்னைப் பார்த்து வீட்டில் எதுவும் துக்கமா என்று கேட்டார். ஒவ்வொரு துண்டாக விரித்தேன். ஓரத்தில் நீலக்கரைத் துண்டையும் போட்டேன். பையில் இன்னும் ஒன்று மிச்சம் கிடந்தது. அதை எடுத்துப்போய் தூணோரம், அண்ணாச்சி உட்காரும் இடத்தில் விரித்தேன். செயலாளர் வந்து அங்கே உட்காரப் போனார்.

"இங்கன ஆள் வருது" என்றேன்.